கிட்ஹப்பில் ஏஐ செயலிகளுக்கு அனுமதி: சனிக்கிழமைக்குள் முடிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) உள்ள நம் கூட்டுத் திட்டத்தின் நிரலை ஏஐ உதவியாளர்கள் தொட வேண்டுமானால், இனி அவரவர் கணக்கிலிருந்தே அனுமதி தர வேண்டும். இப்போதுள்ள பொது டோக்கன் (கடவுச்சொல் போன்ற அணுகல் சாவி) சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ரத்தாகிறது.

1. செயலியை நிறுவும்போது "எல்லா ரெப்போக்களும்" (நிரல் களஞ்சியங்கள்) வேண்டாம். நம் ரெப்போவை மட்டும் தேர்ந்தெடுங்கள்.
2. ஓஆத் செயலி (உங்கள் கடவுச்சொல்லைக் கேட்காமல், கணக்கு வழியே அனுமதி பெறும் செயலி) ஏதாவது 'ரெப்போ' அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் அணுகக்கூடிய தனிப்பட்ட ரெப்போக்கள் எல்லாவற்றிலும் படிக்க, எழுத அது வழிவிடும். அலுவலக ரெப்போ இருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.
3. சாதனக் குறியீடு (செயலியைக் கணக்குடன் இணைக்க உள்ளிடும் தற்காலிகக் குறியீடு) 15 நிமிடம்தான் செல்லும். நீங்களே தொடங்காத குறியீட்டை உள்ளிடாதீர்கள், நானே அனுப்பினாலும் சரி.
4. டோக்கனை இந்தக் குழுவில் ஒட்ட வேண்டாம்.
5. செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பக்கம் போய், பயன்படுத்தாத பழைய செயலிகளின் அனுமதியை நீக்குங்கள். பாதிப் பெயர்கள் உங்களுக்கே நினைவிருக்காது!

முடித்தவர்கள் "முடிந்தது" என்று பதில் போடவும். சிக்கல் இருப்பவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குக் குழு அழைப்பில் சேருங்கள், திரையைப் பகிர்ந்து பார்த்துவிடலாம்.