பாய்லர் குளிர நேரம் கொடுங்கள்

விழிஞ்ஞத்துக்கும் கொச்சிக்கும் வந்துபோகும் கப்பல்களைக் கரையிலிருந்து கவனிக்கும் டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை எல்லையின் இருபுறமும் வீடுள்ள, எஞ்சின்ரூமில் வேலை பார்க்கும் தமிழர்கள் எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நீராவி பாய்லரை நிறுத்தித் திறந்து சுத்தம் செய்யும் நாளைக் கப்பலின் பயண அட்டவணையிலேயே முன்கூட்டிக் குறித்துவிடுங்கள்.

கடலில் எகனாமைசர் (எஞ்சின் புகைச் சூட்டில் நீராவி உண்டாக்கும் குழாய்த் தொகுதி) நீராவி கொடுக்கும்போது பாய்லரைத் திறக்கலாமே என்று அலுவலகத்திலிருந்து கேட்கிறீர்கள். பல கப்பல்களில் எகனாமைசரின் நீராவி பிரிவதே பாய்லர் டிரம்மில்தான். அதைத் திறந்தால், கனத்த எரிபொருள் எண்ணெயை இளக்கி வைக்கும் நீராவி நின்று, செட்டிலிங் டேங்க், பியூரிஃபையர் ஹீட்டர், எண்ணெய்க் குழாய் டிரேசிங் எல்லாம் குளிர்ந்துவிடும். சூடேற்றத் தேவையில்லாத கேஸ் ஆயிலுக்கு மாறி, துறையிலோ நங்கூரத்திலோ நின்றுதான் இதைச் செய்ய முடியும். கன்டெய்னர் கப்பல் துறையில் நிற்பதோ சில மணி நேரம். வேலை துறைக்குத் துறை தள்ளிப்போய், கடைசியில் சான்றிதழுக்காகச் சோதிக்க வரும் சர்வேயருக்காகத்தான் கதவு திறக்கிறது. ஐந்து ஆண்டில் இரண்டு சர்வே, இடைவெளி 36 மாதத்துக்குள் என்ற விதி சான்றிதழுக்கானது. சுத்தம் செய்ய அதுவரை காத்திருக்கக் கூடாது.

குளிரவைத்து, சுத்தம் செய்து, திரும்ப நீராவி ஏற்ற எங்கள் கணக்கில் 36 மணி நேரம் வேண்டும். 7 பார் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் சுமார் 170 டிகிரி. அவசரப்பட்டுச் சூட்டோடு வடித்தால் கசடு குழாய் மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சுரண்டத்தான் நேரம் போகும். அழுத்தம் தானாக இறங்க வேண்டும். பூஜ்யத்தை நெருங்கும்போது ஏர்வென்ட் திறக்காவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். ஆள் நுழையும் மேல் மேன்ஹோல் கதவின் நட்டைத் தளர்த்தி, கதவைத் தட்டி விடுவித்து, உள்ளே அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே நட்டைக் கழற்ற வேண்டும். காற்றோட்டம் கொடுத்து ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் காட்டினால்தான் ஆள் இறங்கலாம். திரும்ப ஏற்றும்போதும் மெதுவாகத்தான்: பர்னரைக் கொஞ்ச நேரம் எரித்து, நிறுத்தி, மறுபடி எரிக்க வேண்டும். நீராவி லைனில் தேங்கிய நீரை வடிக்கும் டிரெய்னைத் திறக்காமல் வால்வைத் திறந்தால், அந்த நீர் மோதும் அடி (வாட்டர் ஹேமர்) குழாயின் ஃபிளேஞ்ச் இணைப்பைப் பிளந்துவிடும்.

மாதாமாதம் தண்ணீர்ச் சோதனைத் தாளில் எண்கள் சரியாக இருப்பதால் பாய்லர் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். கடல்நீர் கலந்ததைக் காட்டும் குளோரைடு 200 பிபிஎம்முக்குக் கீழே இருக்கலாம். அதே நேரம் ஹாட்வெல் (பாய்லருக்குப் போகும் நீர் சேரும் தொட்டி) 60 டிகிரியில் நிற்கலாம். அந்தச் சூட்டில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 90 டிகிரியில் 2-க்கும் கீழ் வந்துவிடும். மிஞ்சும் ஆக்ஸிஜன் குழாயில் புள்ளி புள்ளியாகக் குழி தோண்டுகிறது. அதைக் காட்டும் கட்டம் அந்தத் தாளில் இல்லை. ஹாட்வெல் வெப்பநிலையையும் தினமும் கேளுங்கள். சூடேற்றும் நீராவி வால்வு பழுதென்றால் உடனே பாகம் அனுப்புங்கள். குளோரைடு ஏறினால் மருந்தைக் கூட்டச் சொல்லாமல், மிஞ்சிய நீராவியைக் கடல்நீரால் குளிர்விக்கும் டம்ப் கண்டென்ஸர் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் நீரைக் கண்காணிக்கும் அப்சர்வேஷன் டேங்கில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் எண்ணெய் டேங்குகளின் ஹீட்டிங் காயில்களை ஒவ்வொன்றாக மூடிப் பார்ப்பதுதான் வழி. அதற்குள் எண்ணெய் பாய்லருக்குள் போய்விட்டால், மெல்லிய படலமே ஃபர்னஸ் தகட்டைச் சூடேற்றிப் புடைக்க வைக்கப் போதும்.

இன்னொன்று, எகனாமைசர். மெதுவாக ஓட்டு என்ற உத்தரவு அலுவலகத்திலிருந்து வருகிறது. அப்போது புகையின் வேகம் குறைந்து, ஈரக் கரி குழாயில் படிகிறது. அது 150 டிகிரி அளவிலேயே பற்றக்கூடும்; முற்றினால் 1000 டிகிரியைத் தாண்டி இரும்பே எரியும். ஆகவே அந்த உத்தரவோடு சேர்த்து, அவ்வப்போது சில மணி நேரம் எஞ்சின் லோடு ஏற்றி, கரியை ஊதி அகற்றவும் (சூட் ப்ளோ) அனுமதி கொடுங்கள். எஞ்சின் நின்றவுடன், எகனாமைசருக்குள் நீரைச் சுற்றவிடும் சர்க்குலேட்டிங் பம்பை நிறுத்தும் வழக்கம் எந்தக் கப்பலில் இருந்தாலும் தடுத்துவிடுங்கள். எகனாமைசருக்கு முன்னும் பின்னுமுள்ள புகை அழுத்த வேறுபாட்டை ஒரே லோடில் எடுத்து ஒப்பிட்டால், கழுவ வேண்டிய நாள் தானே தெரியும்.

குறித்த நாளுக்கு முன்பே மேன்ஹோல், ஹேண்ட்ஹோல் கேஸ்கெட் இரண்டு செட், கேஜ் கிளாஸ், ஃபீட் செக் வால்வு பாகங்கள், ரிஃப்ராக்டரி சிமென்ட், இரண்டு மூன்று குழாய்களை அடைக்கும் பிளக் ஆகியவை கப்பலுக்கு வந்திருக்க வேண்டும். அடுத்த காலாண்டு அட்டவணையை அனுப்பும்போது, ஒவ்வொரு கப்பல் பெயருக்கும் எதிரே அந்த 36 மணி நேரம் எந்தத் துறையில் என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எல்லைப் பகுதி எஞ்சினியர்கள், ஃபிட்டர்கள், மோட்டார்மேன்கள்