தொண்டையைப் பார்த்துக்கொள்

கும்பகோணம்
10.7.2011

அன்புள்ள மீனுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ பேசி ஆறு வாரம் ஆகிறது. அக்காவுக்கு வேலை அதிகம் என்று தம்பி சொன்னான். இருக்கட்டும். ஜில்லென்று எதையும் குடிக்காதே. ராத்திரி பாலில் மிளகு போட்டுக் குடி. தொண்டை முக்கியம்.

போன வாரம் தம்பி ‘வேல்’ என்று புதிதாக வந்த சிடி ஒன்றைப் போட்டான். சுசீலா ராமன் பாடியது. உனக்குத் தெரியாமல் இருக்குமா? பூர்வீகம் தஞ்சாவூர், பிறந்தது லண்டன், வளர்ந்தது ஆஸ்திரேலியா. சின்ன வயதில் நம் கர்நாடகப் பாட்டைக் கற்றுக்கொண்டு, அப்புறம் சிட்னியில் ப்ளூஸ், ஜாஸ் என்று போய்விட்டாளாம். 2001-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே தியாகராஜர் கீர்த்தனையைப் பாடி, இங்கிலாந்தில் நல்ல ஆல்பத்துக்குக் கொடுக்கிற மெர்குரி பரிசுப் பட்டியல் வரைக்கும் போனாளாம். இப்போது முருகன் பாட்டு. அதுவும் சபாவில் பாடுகிற மாதிரி இல்லை, காவடிக்குப் பாடுகிற மாதிரி. கோவை கமலா, புதுக்கோட்டை சம்பந்தம் என்கிற பக்திப் பாடகர்களோடெல்லாம் பழகிப் பாடியிருக்கிறாள்.

‘என்னப்பனே’ என்று எடுத்தாள் பார், பின்னாலேயே கிதார் உறுமுகிறது. “சாமி பாட்டை இப்படியா கத்துவாங்க” என்று வாயெடுத்தேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

அமெரிக்காவில் வயலில் அடிமைகளாக வேலை பார்த்த கறுப்பின ஜனங்கள், ஒருத்தர் எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினதுதான் ப்ளூஸுக்கு விதை, நம் பஜனை மாதிரிதாம்மா என்று நீ எவ்வளவோ சொன்னாய். எதிர்த்துப் பேசாதே என்றேன். அன்றைக்கு நீ சொன்னது, போன வாரம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோதுதான் காதில் ஏறியது. அவள் குரலில் இருக்கிற அந்தக் கரகரப்பு உனக்கும் உண்டு. அதைத்தான் பாட்டு டீச்சரும் நானும் ஒன்பது வருஷம் தேய்த்துத் தேய்த்து எடுக்கப் பார்த்தோம். தமிழ் உச்சரிப்பில் நீ அவளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாய். அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அவள் பாடுகிறாள். நீ, எனக்குத் தெரிந்து, ஆபீஸ் போகிறாய்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தலை ஈரத்தோடு வெளியே போகாதே, தொண்டை கட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு சுவாமிமலை போக வேண்டும். அறுபது படி, முட்டி என்ன சொல்லுமோ. தகப்பன்சாமி முன்னால் நின்று என்ன வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை.

மீனு, காலேஜில் பசங்களோடு நீ பாடிப் பதிந்த கேசட், வீடு மாற்றும்போது தொலையவில்லை. தம்பியும் எடுக்கவில்லை. பாவம், அவன் அப்பாவிடம் வீணாக அடி வாங்கினான். ரேடியோவில் வந்த திருப்புகழ்க் கச்சேரியை அதன் மேல் பதிந்தது நான்தான். வேறு கேசட் கைக்குக் கிடைக்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலமாரியில் நாலு காலி கேசட் இருந்தது.

கச்சேரி கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் நீ பாடுகிற நாலு வரி மிச்சம் இருக்கிறது. டேப்ரெக்கார்டர் ரிப்பேர் ஆகிற வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அங்கே அதை ஓட்டிப் பார்க்க ஏதாவது இருக்குமா? அத்தை பிள்ளை ஆவணியில் லண்டன் வருகிறான், ஊறுகாயோடு கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் படாமல் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

அம்மா