வேண்டுமென்றே தோற்பது கெட்டித்தனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பக்கத்தில் அண்மையில் நடந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியில், ஏற்கெனவே அரையிறுதிக்குத் தெரிவாகியிருந்த கழகம் ஒன்று குழுவின் கடைசி ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றது. குழுவில் முதலிடம் வந்தால் அரையிறுதியில் பலமான அணி எதிரே வரும் என்பதுதான் கணக்கு. கோலுக்கு முன்னால் தனியே பந்து கிடைத்த முன்கள வீரர் அதைத் திருப்பித் தன் பின்களத்துக்கே தட்டிவிட்டார். கோல் காப்பாளர் குனியக்கூட இல்லை. கரையில் நின்ற பொடியன்கள் முதலில் கூச்சல் போட்டார்கள். 'அது கெட்டித்தனமடா' என்று பெரியவர்கள் விளக்கியதும் கைதட்டத் தொடங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

'எங்கள் தோல்வி, எங்கள் விருப்பம்' என்கிறார்கள். அப்படியென்றால், முதல் நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மூன்றாவது கழகம் செய்த பாவம் என்ன? அவர்களுடைய அரையிறுதி இடத்தை இன்னொருவருக்குத் தூக்கிக்கொடுக்க இவர்கள் யார்?

1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவுக்கும் இதே கதிதான். அவர்கள் முதல் நாளே ஆடி முடித்திருந்தார்கள். மறுநாள் ஒஸ்ரியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மேற்கு ஜேர்மனி 10ஆவது நிமிடத்தில் கோல் போட்டது. 1-0 என்றால் தாங்கள் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பதால், மிச்ச நேரம் முழுக்க இரு அணிகளும் பந்தைச் சும்மா உருட்டின. அதற்குப் பிறகுதான், 1986 முதல், உலகக் கிண்ணத்தில் ஒரு குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகிறார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சீனா, தென்கொரியா, இந்தோனேசியா நாடுகளின் நான்கு பெண்கள் இரட்டையர் பூப்பந்து ஜோடிகள் சேர்விஸை வலைக்குள்ளேயே அடித்துத் தோற்கப் பார்த்தன. அரங்கம் ஊளையிட்டது. வெல்ல முயலவில்லை என்ற குற்றத்துக்காக மறுநாளே எட்டுப் பேரையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சரி. ஆனால் தோற்றால் லாபம் என்ற நிலையை உண்டாக்கிய போட்டி முறைக்கும் அதில் பங்கு உண்டு.

முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுப்பதை நான் பிழை சொல்லவில்லை. இறங்கிய பதினொரு பேரும் வெல்வதற்காக ஆட வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்பாட்டுக் குழுவினர் 'விதியில் அப்படி ஒன்றும் இல்லையே' என்று கைவிரித்துவிட்டார்கள். சரி, இல்லாவிட்டால் எழுதுங்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒருநாள் ஆட வேண்டும் என்று ஓடித்திரியும் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துத்தான் பழகுகிறார்கள். குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வையுங்கள், மைதானம் ஒன்றுதான் என்றால் பக்கத்து ஊரில் கேளுங்கள். அரையிறுதியில் யாருக்கு யார் என்பதைக் குழு ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு சீட்டுக் குலுக்கி முடிவெடுங்கள். வெல்ல முயலாத அணியை வெளியேற்றும் அதிகாரம் ஏற்பாட்டுக் குழுவுக்கு உண்டு என்பதை அடுத்த சுற்றுப்போட்டியின் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி