கண்டக்டர் அப்பாவின் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறேன், பிறகு எப்படி இவ்வளவு களைப்பு வருகிறது என்று போனில் கேட்டாய். உட்கார்ந்தே இருந்தாலும் களைப்பு வரும் அம்மா.

நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் சுருங்கி விரிந்து, கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் நாற்காலியிலேயே இருந்தால் இரண்டும் மந்தமாகிவிடும். வருடக்கணக்கில் அப்படியே போனால் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும்.

எனக்குப் பிடித்த ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. ஏன் பிடித்தது என்று நீயே கண்டுபிடித்துவிடுவாய். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டு 1953இல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில். கண்டக்டரோ மாடிப்படியில் ஏறி இறங்கியபடி. ஊரும் பஸ்ஸும் ஒன்றுதான், ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் அதன் கடுமை குறைவு. ‘வெறும் கண்டக்டர்தானே’ என்று என்னைக் கேட்ட உறவினர்களிடம் அப்போதே இதைக் காட்டியிருக்க வேண்டும்!

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர்கள் முதலிலிருந்தே பருமனானவர்களோ என்ற சந்தேகம் மாரிஸுக்கே இருந்தது. சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவுள்ளவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே தேறினார்கள். ஒல்லியாக இருக்கிறேன், எனக்கென்ன என்று நீ சொல்வதற்கு இதுதான் பதில்.

தினமும் 10,000 காலடி நடக்க நேரமேது என்று அலுத்துக்கொண்டாய். அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதை மறந்துவிடு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே லிஃப்டை விட்டுப் படியேறுவதும் கணக்கில் சேரும். தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காதே. தாகம் எடுத்தால் எழுந்து போய்க் குடி. ஜிம்முக்குப் பணம் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டிவிட்டுப் போகாமலிருப்பவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

வேகம் போதுமா என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அடுத்த முறை எனக்கு நடந்துகொண்டே போன் செய். பாதியில் பாடச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா