ஆங்கில இலக்கண நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலாசிரியர்களே,

வணக்கம். தமிழ் மாணவர்களுக்காக எழுதப்படும் ஆங்கில இலக்கண நூல்கள் பெரும்பாலும் சொல்வகைப் பட்டியலில் தொடங்கிக் காலங்களின் அட்டவணையில் முடிகின்றன. சொல் எப்படி உருவாகிறது, சொல்லோடு சொல் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஓரிரு பக்கங்களே கிடைக்கின்றன. அந்தப் பக்கங்களிலும், மாணவர் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த இலக்கணத்தை நீங்கள் தொடுவதில்லை. இதை மாற்றும்படி கேட்கவே இம்மடல்.

தொகைச்சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹவுஸ்போட்' என்பது படகு. 'போட்ஹவுஸ்' படகுகளை வைக்கும் கட்டடம். கடைசிச் சொல்தான் பொருள் எது என்று சொல்கிறது. முன்னால் நிற்பது அதற்கு அடை. மலர்த்தோட்டம் வேறு, தோட்டமலர் வேறு என்று அறிந்த பிள்ளைக்கு இதை விளக்க ஒரு வரி போதும். 'பிக்பாக்கெட்' பையைக் குறிப்பதில்லை, திருடும் ஆளைக் குறிக்கிறது. 'ரெட்ஹெட்' என்பதும் செந்நிற முடி உடையவரைத்தான். சேர்ந்த சொற்களுக்கு வெளியே உள்ள ஒருவரையோ ஒன்றையோ குறிக்கும் அன்மொழித்தொகைக்குப் 'பொற்றொடி வந்தாள்' (பொன் வளையல் அணிந்தவள் வந்தாள்) என்று எழுதி மதிப்பெண் வாங்கிய மாணவரிடம், இவற்றை விதிவிலக்கு என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கிறோமே! எவ்வளவு பெரிய இழப்பு.

'கிவ் அப்' போன்ற தொடர்களும் அப்படித்தான். அதில் கொடுப்பதும் இல்லை, மேலே ஏறுவதும் இல்லை. கைவிடுதல் என்று பொருள். 'பால் கெட்டுப்போனது' என்னும்போது பால் எங்கும் போகவில்லையே. இரண்டும் ஒரே அமைப்பு அல்ல. ஆனால் சேர்ந்து நிற்கும்போது ஒரு சொல் தன் பழைய பொருளை விட்டுவிடும் என்பதைத் தமிழ் மாணவர் ஏற்கெனவே அறிவார்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'பூனை எலியைத் துரத்தியது' என்பதை 'எலியைப் பூனை துரத்தியது' என்று மாற்றினாலும் ஐ உருபு பொருளைக் காப்பாற்றிவிடுகிறது. 'தி கேட் சேஸ்ட் தி ரேட்' என்பதில் பூனையையும் எலியையும் இடம் மாற்றினால் எலி பூனையைத் துரத்தத் தொடங்கிவிடும். பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை பெரும்பாலும் தேய்ந்துபோக, அந்த வேலை சொல் நிற்கும் இடத்திடம் வந்து சேர்ந்தது. 'ஹி', 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர்களில் அந்த உருபுகளின் மிச்சம் இன்னும் தெரிகிறது. இடத்தின் வலிமையால்தான் 'வாட்டர்' என்ற பெயர், வடிவம் மாறாமலே 'வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்ற தொடரில் வினையாகிறது. பட்டியலில் 'வாட்டர்: பெயர்ச்சொல்' என்று மட்டும் படித்தவர் இங்கே திகைப்பார்.

சொல்லின் முன்னும் பின்னும் சேரும் 'அன்', 'ஏபிள்' போன்ற ஒட்டுகளின் வரிசையும் முக்கியம். 'அன்லாக்கபிள்' என்றால் பூட்டைத் திறக்கக்கூடியது என்றும் கொள்ளலாம், பூட்டவே முடியாதது என்றும் கொள்ளலாம். எந்த ஒட்டு முதலில் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. இதை வகுப்பில் ஒருமுறை பிரித்துக் காட்டினால், நீண்ட சொற்களைக் கண்டு பிள்ளைகள் மிரளமாட்டார்கள்.

அடுத்த பதிப்பில் காலங்களுக்கு முன்பே தொகை இயலை வையுங்கள். 'நான் வாங்கிய புத்தகம்' என்ற பெயரெச்சத் தொடருக்குப் பக்கத்திலேயே 'தி புக் ஐ பாட்' என்பதையும் அச்சிட்டு, அடை பெயருக்குப் பின்னால் போவதைக் கண்ணால் காணச் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒருவர்