கட்டபொம்மனும் பாரதியும் போக எங்கள் ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு நகரங்களைப் பற்றி உங்கள் இதழில் வரும் தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். சென்ற இதழில் கோவில்பட்டி வந்திருந்தது. "நம்ம ஊர் வந்திருக்கு டீச்சர்" என்று பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். படித்து முடித்துவிட்டு, "இதில் நம்ம ஊர் எங்கே இருக்கு?" என்று அவரிடமே கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

கட்டுரையின் பாதி, 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கதை. அது நடந்த கயத்தாறு எங்களுக்குத் தெற்கே இருக்கிறது. அடுத்து பாரதி, அவர் பிறந்த எட்டயபுரம் கிழக்கே. வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் இருக்கும் கழுகுமலை மேற்கே. எல்லாம் எங்களுக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு உங்கள் கட்டுரையாளர் ஒதுக்கியது கடலை மிட்டாயும் "அமைதியான ஊர்" என்ற ஒரு பாராட்டும் மட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு பத்து நிமிடம் நின்றிருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டார்.

அரண்மனையோ கோட்டையோ இருந்தால் ஊரைப் பற்றி எழுதுவது சுலபம். எங்களுக்கு இருப்பது செண்பகவல்லி அம்மன் கோவிலும் கதிரேசன் மலையும். ஊர் நகரமானதற்குக் காரணம் கரிசல் மண், அதில் விளைந்த பருத்தி, 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட ரயில் பாதை. வானம் பார்த்த பூமியில் விளைந்த பஞ்சு துறைமுகத்துக்குப் போக வழி கிடைத்தது. 1901-இல் இங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வந்தது. மானாவாரிக்கு ஏற்ற பருத்தியும் சோளமும் அங்கிருந்து வந்தன. அப்புறம் நூல் மில்கள். நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் கடிகாரம் கிடையாது. மில் சங்குதான் மணி. முதல் சங்குக்கு அம்மா எழுந்திருப்பாள், இரண்டாவதற்கு நாங்கள்.

அம்மா மில்லுக்குப் போகவில்லை, பெட்டி ஒட்டினாள். உங்கள் கட்டுரையில் தீப்பெட்டிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அதுவும் சிவகாசியைப் பற்றிய வாக்கியத்தின் வாலில். சிவகாசிக்காரர்கள் இரண்டு பேர் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தொழில் சாத்தூர், கழுகுமலை, கோவில்பட்டி என்று பரவி ஒவ்வொரு தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. சம்சாரியை, அதாவது விவசாயியை, அழவைக்கும் அதே வறண்ட காற்றுதான் தீக்குச்சியைக் காயவைக்கிறது. மழை பெய்யாத வருடங்களில் காட்டுவேலை இல்லாமல் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், இலுப்பையூரணிப் பக்கம் குடியேறினார்கள், "ஆபீஸுக்கு" போனார்கள். ஆபீஸ் என்றால் எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண், "இங்கே எல்லாப் பெண்களும் ஆபீஸில் வேலை பார்க்கிறார்களாமே" என்று முதல் வாரம் ஆச்சரியப்பட்டதை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன், இதை யாரும் எழுதி வைப்பதாகத் தெரியவில்லை. கட்டை அடுக்குவது ஒருத்தி. சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சியைச் செருக வேண்டும், விரல் நுனி மரத்துப்போகும். மருந்து முக்குவது ஆண்கள் வேலை. காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது இன்னொருத்தி. பெட்டி ஒட்டுவது வீட்டில். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். மைதாப் பசை காய்ச்சி அதில் கொஞ்சம் துத்தம் போடுவாள் அம்மா, இல்லாவிட்டால் எலி தின்றுவிடும். எங்கள் வீட்டுப் பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பசை வாசம் அடிக்கும். விடியற்காலை இருட்டில் கிராமங்களுக்குப் போய்ச் சிறுபிள்ளைகளை ஏற்றிவரும் ஆபீஸ் வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா ஆறாம் வகுப்போடு அதில் ஏறினாள். அவள் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு நானே டீச்சர் ஆனேன். அக்கா ஒருநாளும் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, மெல்ல மெல்ல அந்த வண்டிகள் நின்றன. மெஷின் வந்தது, லைட்டர் வந்தது. ஒரு தீப்பெட்டி 1 ரூபாய் ஆனது 2007-இல். 2 ரூபாய் ஆவதற்கு 2021 டிசம்பர் வரை காத்திருந்தது. பதினான்கு வருடம்! நடுவில் டீ விலை எத்தனை முறை ஏறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023-இல் தடை வந்த அன்று எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் ஊர் அமைதியாகத்தான் தெரியும்.

கடலை மிட்டாயைப் பற்றி எழுதியது சரிதான், 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் சரி. ஆனால் "பாரம்பரிய இனிப்பு" என்று கோவில் பிரசாதம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது உழைப்பாளிகளின் தின்பண்டம். சட்டைப் பையில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டால் மதியம் வரை வேலை ஓடும்.

எழுத்தாளர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். கயத்தாறு போகிற வழியில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் இருவர், பூமணி, சோ. தர்மன் என்று எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து மட்டும் நான்கு பேர் சாகித்திய அகாதமி விருது வாங்கியிருக்கிறார்கள். கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் நினைவரங்கமே கட்டியிருக்கிறார்கள். பஞ்சமும் சம்சாரியும் தீப்பெட்டி வேலையும் அவர்கள் கதைகளில் இருக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் நூலகத்துக்குப் போயிருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும், வெயிலில் அலைந்திருக்க வேண்டாம்.

ஹாக்கியையும் விட்டுவிட்டார். மற்ற ஊர்களில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தபோது எங்கள் பையன்கள் வளைந்த கட்டையோடு திரிந்தார்கள். மே மாத வெயிலில் அகில இந்தியப் போட்டி நடக்கும். வடக்கிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் வியர்த்துக் கொட்டியபடி எங்கள் மெயின் ரோட்டில் மோர் தேடுவதைப் பார்க்க வேண்டும். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்த கார்த்தி அரியலூர்ப் பையன், ஆனால் எங்கள் ஊர் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவன். அதே அணியில் இருந்த மாரீஸ்வரன் எங்கள் ஊர்ப் பிள்ளையேதான். அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஹாக்கி விதி தெரியாத ஒரே ஆள் நான். கத்துவதற்கு விதி தெரிய வேண்டியதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்ப்பாசத்தில் எழுதுகிறாள் என்பீர்கள். நான்குவழிச் சாலை வந்த பிறகு இரவுநேர பஸ்கள் பல ஊருக்குள் வருவதில்லை. போன மாதம் மதுரையிலிருந்து வந்தபோது, டிக்கெட் கொடுக்கும்போது "ஊருக்குள்ள போகும்மா" என்ற கண்டக்டர், ராத்திரி பதினொன்றே காலுக்குப் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இருட்டு, நாய்கள், நான், ஒரு கட்டைப்பை. பெரிய நகரங்களுக்கு நடுவே வேகமாகப் போகப் போட்ட சாலையில் எங்கள் ஊர் ஒரு பெயர்ப் பலகை ஆகிவிட்டது. உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கட்டுரையும் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்டது.

ஒரு வேண்டுகோள். மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ்களின் லேபிள்கள் எங்கள் ஊரில் இன்னும் பலர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. மயில், சாவி, கப்பல் என்று எத்தனையோ படங்கள். மில் தொழிற்சங்க நோட்டீஸ்கள், ஹாக்கிப் போட்டி அழைப்பிதழ்கள், 1984 டிசம்பரில் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு எங்கள் ஊரில் காலமானபோது திரண்ட கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள், எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போவதற்கு முன்னால் யாராவது வந்து பார்த்து எழுதட்டும். என் அக்காவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. கட்டை அடுக்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவாள்.

நிருபரை அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு தகவல் கொடுங்கள். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் தினமும் வருவதில்லை. தண்ணீர் வருகிற நாளில் அவர் வந்தால் நானும் பேச மாட்டேன், அக்காவும் பேச மாட்டாள். அவர் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோவில்பட்டி