பின்புறமிருந்து வரைய வேண்டிய யானை

கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பேரனின் ஐந்தாவது பிறந்த நாளுக்குக் கார்ட்டூன் யானை போட்ட கேக்கை நீயே செய்யப் போவதாகவும், பட்டர் கிரீமில் வரைந்து உறைய வைத்த படத்தைக் கேக்கின் மேல் கவிழ்க்கும் முறையைக் கேட்டதாகவும் அம்மா சொன்னாள். கேக்கும் கிரீமும் அவள் கைப்பக்குவம். ஆனால் அவளுக்கு வரும் ஆர்டர்களில் படம் போடுவது இப்போது என் வேலை என்பதால், இதை நான் எழுதுவதுதான் முறை.

கடைக் கண்ணாடிக் கதவுகளில் நான் பெயர் எழுதிய நாட்களில், மழையும் கையும் பட்டு அழியாதிருக்க உட்புறம் நின்று எழுத்துகளைத் திருப்பி எழுதுவேன். நீ வெளியே நின்று படித்துப் பிழை சொல்வாய். இதுவும் அதே வேலைதான். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் கண்ணையும் நகையையும் முதலில் தீட்டி, உடலையும் உடையையும் பிறகு நிரப்பி, பின்னணியைக் கடைசியில் பூசுவார்கள் அல்லவா? கிரீமிலும் அப்படியே. பார்ப்பவர் கண்ணுக்கு மேலே தெரிய வேண்டியதை நீ முதலில் வைக்க வேண்டும்.

கிரீமுக்கு உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், வெள்ளை ஷார்ட்டனிங் (கெட்டியான தாவரக் கொழுப்பு) 125 கிராம், சலித்த ஐசிங் சுகர் 500 கிராம், பால் ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். வெண்ணெய் மட்டும் போட்டால் ருசி கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும், சிங்கப்பூர்ப் புழுக்கமும் நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சளைத்ததில்லை. நிறத்துக்கு ஜெல் கலரே வாங்கு. தண்ணீராக இருக்கும் கலர் கிரீமை இளக்கிவிடும். வெள்ளைக் கிரீமில் கருப்பு ஜெல்லை ஊற்றிக்கொண்டே போனால் சாம்பல் நிறமும் கசப்பும்தான் மிஞ்சும். முதலில் கோகோ கலந்து பழுப்பாக்கி, அதன் மேல் கொஞ்சம் கருப்பு சேர்த்து, ஓர் இரவு மூடி வைத்தால் தானாகவே கறுத்துவிடும்.

எட்டு அங்குலக் கேக்குக்கு யானை ஏழு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்செடுத்து, சமமான பலகையில் ஒட்டி, அதன் மேல் பட்டர் பேப்பரைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டு. தாளில் ஒரு மடிப்பு இருந்தாலும் அது யானையின் நெற்றியில் வடுவாக விழும். பெயரும் எழுதுவதாக இருந்தால் தொடங்குமுன் ஒருமுறை கண்ணாடியில் காட்டிப் பார். தமிழில் ‘ஃ’, ‘ப’ போன்ற சில எழுத்துகளே திருப்பினாலும் பழைய முகத்தோடு இருக்கும். இத்தனை வருடம் திருப்பி எழுதிப் பழகிய நானே ஒரு குழந்தையின் பெயரை நேராக எழுதிவிட, கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து வழித்துவிட்டு, வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்து அரைமணி நேரம் உட்கார வைத்தாள்.

கருப்புக் கிரீமை மருதாணிக் கோன் போன்ற சிறிய பையில் நிரப்பி, முனையை ஊசித் துளையாக வெட்டி, கோடுகளை விட்டுப்போகாமல் இழு. கண்மணியையும் அதன் நடுவிலுள்ள வெள்ளைப் பொட்டையும் இப்போதே வைக்க வேண்டும்: முதலில் வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிக் கருப்பு, அதற்குப் பிறகே கண்ணின் வெள்ளை. இதில் வரிசை மாறினால் யானைக்குப் பார்வை வராது. பத்து நிமிடம் பிரீசரில் வைத்து எடுத்து, தந்தம், நகம் போன்ற சின்ன இடங்களை நிரப்பி, மீண்டும் பத்து நிமிடம் வைத்து, அதன் பிறகு உடலை நிரப்பு. கோட்டின் ஓரத்தில் கிரீமை அழுத்தி நிரப்பாவிட்டால் அங்கே காற்று தங்கி, முன்பக்கத்தில் குழி தெரியும். நான் பலகைக்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டின் மேல் வேலை செய்வதால், அச்செடுத்த தாளை உருவிவிட்டு அடியிலிருந்து பார்த்துக் குழிகளைக் கண்டுகொள்கிறேன். கடைசியில் கேக்கின் மேல் பூசும் நிறத்திலேயே படத்தின் பின்பக்கம் முழுவதும் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பூசிச் சமமாக வழித்துவிடு. மெலிந்தால் எடுக்கும்போதே தும்பிக்கை ஒடியும். பிறகு ஓர் இரவு பிரீசரில் இருக்கட்டும்.

கவிழ்க்கும்போது கேக் குளிர்ந்தும், அதன் மேல் பூசிய கிரீம் காயாமல் ஈரமாகவும் இருந்தால்தான் படம் பிடிக்கும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பிரீசரைத் திற, ஏனெனில் வெளியே வந்த சில நிமிடங்களில் படம் இளகத் தொடங்கிவிடும். கவிழ்த்து, லேசாக அழுத்தி, தாளை மேலே தூக்காமல் ஓரத்திலிருந்து பின்னோக்கி மடித்து உரி. எங்காவது கோடு தாளோடு வந்தால் உடனே நிறுத்தி, கேக்கோடு ஐந்து நிமிடம் பிரீசரில் வைத்துவிட்டுத் தொடரலாம். உரித்ததும் படம் முழுவதும் வேர்க்கும். பயந்து துணியால் ஒற்றாதே, கருப்பு பரவிவிடும். ஏசி அறையில் தொடாமல் விட்டால் தானே காய்ந்துவிடும். சிவப்பும் கருப்பும் அடுத்தடுத்து வரும் படங்களில் இந்த வேர்வைதான் எனக்கு இன்னும் பெரிய தலைவலி. நல்லவேளையாக உன் யானை நீலமாம்.

இன்னொன்று. கிரீம் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை வாங்கி வைத்திருக்கும் வஞ்சிரத்தை வெள்ளிக்கிழமைக்குள் சமைத்து முடித்துவிட்டு, பிரீசரை நன்றாகத் துடைத்து வை.

அன்புடன்,
அப்பா